ஆக்டிவ் ஃபில்டர் சிக்னலை வலுவாக்குமா? ஹாம் ரேடியோ ரிசீவரின் ஒலி வடிகட்டி குறித்து ஓர் எளிய விளக்கம்

ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்கு வானொலித் தொடர்பில், புதிதாக இறங்கியவர்கள் முதல் சில மாதங்களிலேயே கேட்டுவிடும் அறிவுரை ஒன்று உண்டு: "ரிசீவரில் ஓர் ஆக்டிவ் ஃபில்டரைப் போட்டுவிடுங்கள், சிக்னல் நன்றாக ஏறும்." அந்த அறிவுரையில் பாதி உண்மை. ஃபில்டரைப் பொருத்தியதும் இரைச்சல் தணிகிறது, பக்கத்து நிலையத்தின் ஓசை பின்னுக்குப் போகிறது, நாம் தேடிய மோர்ஸ் (புள்ளி, கோடுகளால் ஆன குறியீடு) ஒலி தனித்துக் கேட்கிறது. ஆனால் சிக்னல் ஏறுவதில்லை. 'ஆக்டிவ்' என்ற சொல்லைக் கேட்டதும் அது கூடுதல் பெருக்கம் தரும் கருவி என்றும், ஆண்டெனாவில் எட்டாததையும் இழுத்துவரும் என்றும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பிறகு எதிர்பார்த்தது நடக்காதபோது அதிலுள்ள ஐ.சி.யை, அதாவது ஒரே சில்லில் அடங்கிய மின்சுற்றை, மாற்றிப் பார்க்கிறார்கள். தவறு ஐ.சி.யில் இல்லை, அந்தச் சொல்லைப் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்குக் கணக்கு அதிகம் தேவைப்படாது. பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

வானொலி அதிர்வெண் சுருதியாக மாறுவது

40 மீட்டர் பட்டையில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், 7.030 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் மோர்ஸ் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 400 ஹெர்ட்ஸ் தள்ளி, 7.0304 மெகாஹெர்ட்ஸில், இன்னொருவர் அதிக வலுவுடன் அனுப்பிக்கொண்டிருக்கிறார். எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெர்ட்ஸில் 400 ஹெர்ட்ஸ் வேறுபாடு என்பது நூற்றில் 0.006 பங்குகூட இல்லை. இவ்வளவு நெருக்கமான இரண்டை அந்த அதிர்வெண்ணிலேயே பிரிப்பது மிகக் கடினம்.

ரிசீவர் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. ரிசீவருக்குள்ளேயே ஓர் ஆஸிலேட்டர், அதாவது சீரான அலையை உண்டாக்கும் சுற்று, 7.0293 மெகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். வரும் சிக்னலையும் இந்த அலையையும் மிக்சர் என்னும் பகுதி கலக்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெளிவருகிறது. முதல் நிலையம் 700 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் இரண்டாவது நிலையம் 1100 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் கேட்கும். இடையிலிருந்த 400 ஹெர்ட்ஸ் அப்படியே இருக்கிறது. ஆனால் விகிதம் அடியோடு மாறிவிட்டது. 700-ஐ ஷட்ஜமாகக் கொண்டால் 1100 பஞ்சமத்துக்கும் சற்று மேலே நிற்கும். சங்கீதப் பயிற்சி இல்லாத காதுகூட இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

ஒலி நிலையில் வடிகட்டுவதன் இலாபம் இங்கேதான் இருக்கிறது. அதை அளக்க உதவும் சொல் தரக்காரணி. ஒரு வடிகட்டியின் மைய அதிர்வெண்ணை அது அனுமதிக்கும் பட்டை அகலத்தால் வகுத்தால் கிடைப்பது. 140 ஹெர்ட்ஸ் அகலத்தில் பிரிக்க வேண்டுமானால், 7 மெகாஹெர்ட்ஸில் 50,000 என்ற தரக்காரணி தேவை. அதே வேலைக்கு 700 ஹெர்ட்ஸில் 5 போதும். முதலாவதைச் சாதாரண உதிரிப் பாகங்களால் எட்டவே முடியாது. இரண்டாவதை ஒரு மாலைப் பொழுதில் சமையலறை மேசையில் கட்டிவிடலாம்.

ஒலியாக மாறுவதற்கு முன்பே, இடையில் கிரிஸ்டல் ஃபில்டர், அதாவது குவார்ட்ஸ் படிகங்களால் ஆன வடிகட்டி, உள்ள ரிசீவர்களும் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்து உலகெங்கும் ஹாம்கள் கட்டிய பிட்எக்ஸ் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் கிரிஸ்டல் ஃபில்டர் மனிதக் குரலுக்கு ஏற்ற அகலம் கொண்டது. குரலுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் வேண்டும். மோர்ஸ் கேட்கும்போது அந்த அகலத்துக்குள் நான்கைந்து நிலையங்கள் சேர்ந்தே நுழைந்துவிடும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒலி வடிகட்டி கைகொடுக்கும். சிக்னலை நேராக ஒலியாக மாற்றும் நேர்மாற்று ரிசீவர்களிலோ தேர்வு வேலை ஏறக்குறைய முழுவதும் ஒலி வடிகட்டியின் தலையில்தான் விழுகிறது.

சுருங்கச் சொன்னால், ரிசீவர் அதிர்வெண் வேறுபாட்டைச் சுருதி வேறுபாடாக மாற்றித் தருகிறது. ஒலி வடிகட்டி வேண்டிய சுருதியை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தாழ்த்துகிறது.

சல்லடை உவமையின் குறை

வடிகட்டி என்றதும் எல்லாரும் சல்லடையைத்தான் சொல்வார்கள். சல்லடையில் மாவு இறங்கும், தவிடு நிற்கும், நடுவே ஒன்றுமில்லை. மின் வடிகட்டி அப்படி வெட்டித் தள்ளுவதில்லை. அது ஒரு சரிவு. அதைப் புரிந்துகொள்ளச் சல்லடையைவிடத் தண்ணீர்த் தொட்டி பொருத்தமானது.

தெருக் குழாயில் வரும் தண்ணீரின் வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும். அதை ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தொட்டிக்கு விட்டால், நொடிக்கு நொடி வரும் துடிப்புகள் தொட்டியின் நீர்மட்டத்தில் தெரியாது. மணிக்கணக்கில் நடக்கும் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியும். வேகமான மாற்றம் அமுங்கிவிட்டது, மெதுவான மாற்றம் கடந்து வந்துவிட்டது. குழாயை இன்னும் மெல்லியதாக்கினாலும் தொட்டியை இன்னும் அகலமாக்கினாலும் மட்டம் மேலும் மந்தமாக மாறும்.

மெல்லிய குழாயின் இடத்தில் ரெசிஸ்டரையும் தொட்டியின் இடத்தில் கெபாசிட்டரையும் வைத்தால் தாழ் அதிர்வெண் வடிகட்டி கிடைக்கிறது. 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.022 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் சேர்ந்தால் அதன் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸ். வெட்டு அதிர்வெண் என்பது வெளிவரும் திறன் பாதியாகக் குறையும் இடம். மின்னழுத்தம் அங்கே நூற்றுக்கு 71 பங்காக இருக்கும். அதைத் தாண்டி மேலே போகப் போக, அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் ஏறத்தாழப் பாதியாகும். இரண்டு பாகங்களையும் இடம் மாற்றி வைத்தால் உயர் அதிர்வெண் வடிகட்டி. வீட்டு மின்சாரத்தின் 50, 100 ஹெர்ட்ஸ் உறுமலைத் தடுக்க அது போதும்.

ஆனால் நம் இரண்டு நிலையங்களை இந்த எளிய சுற்றில் விட்டுப் பாருங்கள். 700 ஹெர்ட்ஸ் ஒலி 0.72 பங்காகவும் 1100 ஹெர்ட்ஸ் ஒலி 0.55 பங்காகவும் வெளிவரும். இடையூறு முன்பிருந்ததில் முக்கால் பங்காகக் குறைந்தது, அவ்வளவுதான். காதுக்கு அது ஒரு மாற்றமாகவே தெரியாது.

இத்தகைய சுற்றுகளை வரிசையாக அடுக்கினால் என்ன என்ற கேள்வி எழும். அடுக்கலாம். ஆனால் இரண்டாவது தொட்டி முதலாவதிலிருந்து தண்ணீரை எடுத்து அதன் மட்டத்தையே கெடுத்துவிடுவதுபோல, ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்துக்குச் சுமையாகிறது. சிக்னலும் தேய்கிறது, வளைவும் கூர்மையாவதில்லை.

ஊஞ்சலும் சுருளும்

ஒரே ஒரு சுருதியைத் தேர்ந்தெடுக்கும் கூர்மை எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஊஞ்சலைப் பார்க்க வேண்டும். ஊஞ்சலுக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அந்தத் தாளத்தில் தொட்டால் சிறு விரல் தொடுதலுக்கும் உயர எழும். வேறு தாளத்தில் எவ்வளவு தள்ளினாலும் அடங்கிப் போகும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். சங்கிலியின் கொக்கி எண்ணெய் போட்டு இலகுவாக இருந்தால் தாளத் தேர்வு கூர்மையாகும், அதாவது தரக்காரணி உயரும். துருப்பிடித்து இறுகியிருந்தால் எந்தத் தாளத்துக்கும் பெரிதாக ஆடாது.

மின்சுற்றில் கம்பிச் சுருளும் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஊஞ்சல் கிடைக்கிறது. அமெரிக்க ஹாம்கள் நெடுங்காலம் தொலைபேசித் தடங்களிலிருந்து கழிக்கப்பட்ட 88 மில்லிஹென்றி வளையச் சுருள்களை வாங்கி ஒலி வடிகட்டிகள் கட்டினார்கள். அத்தகைய சுருளுடன் 0.59 மைக்ரோ ஃபாரட் சேர்ந்தால் 700 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். மின்கலமே தேவைப்படாத நல்ல வடிகட்டிகள் அவை. நான் அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒலி அதிர்வெண்ணுக்கான சுருள் பெரியது, கனமானது, தேடிக் கிடைக்க வேண்டியது. பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அதன் உறுமலையும் பிடித்துக்கொள்ளும்.

சுருளை விட்டுவிட்டு ரெசிஸ்டர், கெபாசிட்டர் மட்டும் கொண்டு ஊஞ்சல் கட்ட முடியுமா? அவற்றை எப்படி இணைத்தாலும் தரக்காரணி 0.5-ஐத் தாண்டாது. அது சேற்றில் புதைந்த ஊஞ்சல். நமக்கு வேண்டியதோ 5.

'ஆக்டிவ்' என்பதன் பொருள்

சேற்றில் புதைந்த ஊஞ்சலையும் ஆடவைக்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் நின்று, ஒவ்வொரு வீச்சிலும் சேறு விழுங்கிய அளவை மட்டும் சரியான நேரத்தில் தள்ளித் திருப்பித் தர வேண்டும். அந்த ஆள்தான் ஆப்-ஆம்ப். இரண்டு உள்ளீடுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய வித்தியாசத்தைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கும் ஐ.சி. அது, வெளிவருவதன் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே கொடுத்து, அதாவது பின்னூட்டம் செய்து, அதைக் கட்டுக்குள் வைக்கிறோம். தள்ளுவதற்கான வலுவை அது மின்கலத்திலிருந்து எடுக்கிறது. ஆக்டிவ் என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள்: வெளியிலிருந்து மின்சக்தி பெற்று இயங்குவது.

இதை மிக எளிமையாகச் செய்துகாட்டும் சுற்றை 1955-இல் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தைச் சேர்ந்த சாலன், கீ என்ற இருவர் வெளியிட்டார்கள். அப்போது வால்வுகளின் காலம், ஐ.சி. பிறக்கவே இல்லை. 1968-இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் 741 வந்து ஆப்-ஆம்ப் எல்லாருக்கும் எட்டும் பொருளான பிறகு இந்தச் சுற்று ஹாம்களின் மேசைகளில் பரவியது.

சாலன்–கீ தாழ் அதிர்வெண் வடிகட்டியில் இரண்டு ரெசிஸ்டர்கள் வரிசையாக வந்து ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் சேரும். அந்த உள்ளீட்டிலிருந்து ஒரு கெபாசிட்டர் தரைக்கு, அதாவது சுற்றின் பொதுப் புள்ளிக்கு, போகும். இரண்டு ரெசிஸ்டர்களும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு கெபாசிட்டர் இருக்கும். அதன் மறுமுனை தரைக்குப் போகாமல் ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்குப் போகிறது. சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கம்பியில்தான் இருக்கிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் அந்தக் கெபாசிட்டர் ஏறக்குறைய ஒன்றுமே செய்வதில்லை, ஏனென்றால் அதன் இரு முனைகளும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் வெளியீடு ஏற்கெனவே ஒடுங்கிவிட்டதால், அந்த முனை தரையில் கட்டப்பட்டதைப் போலவே ஆகி, அது இரண்டாவது தொட்டியாக மாறி மேலும் அமுக்குகிறது. வெட்டு அதிர்வெண்ணின் அருகில் மட்டும் வெளியீடு அந்தக் கெபாசிட்டர் வழியாகத் திரும்பி வந்து, தேய்ந்துகொண்டிருக்கும் சிக்னலைத் தாங்கிப் பிடிக்கிறது. அதனால் வளைவின் தோள் நிமிர்ந்து நின்று, அதற்கு அப்பால் சரிவு இரட்டிப்பு வேகத்தில் இறங்குகிறது.

எண்களில் சொன்னால், ரெசிஸ்டர்கள் இரண்டும் 3.9 கிலோ ஓம், பின்னூட்டக் கெபாசிட்டர் 0.022 மைக்ரோ ஃபாரட், தரைக்குப் போவது 0.01 மைக்ரோ ஃபாரட் என்று வைத்தால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 2750 ஹெர்ட்ஸ். குரலைக் கேட்க இது நல்ல இடம். இந்தச் சுற்றில் ஆப்-ஆம்பின் பெருக்கம் ஒன்றே ஒன்று. உள்ளே வந்த அளவே வெளியே போகிறது, ஒரு துளிகூடக் கூடுவதில்லை. ஆக்டிவ் ஃபில்டர் சிக்னலை ஏற்றும் என்பவர்களுக்கு நான் காட்டும் சான்று இதுதான்.

இத்துடன் ஆப்-ஆம்ப் இன்னொரு தொண்டும் செய்கிறது. அதன் உள்ளீடு ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஒருவர் முதல் தொட்டியின் மட்டத்தைக் கண்ணால் பார்த்து, தன் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து, அதே மட்டத்துக்கு இரண்டாவது தொட்டியை நிரப்புவதைப் போன்றது இது. முதல் தொட்டியிலிருந்து ஒரு குவளைகூடக் குறையாது. ஆகவே கட்டங்களை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம்; ஒன்று மற்றொன்றைக் கெடுக்காது.

தள்ளுகிறவர் சேறு விழுங்கியதைவிட அதிகமாகத் தள்ளினால் ஊஞ்சல் தானே ஆடத் தொடங்கிவிடும். தேவைக்கு மேல் பின்னூட்டம் பெற்ற வடிகட்டி ஆஸிலேட்டராகி, சிக்னல் இல்லாதபோதும் விசில் அடிப்பது இதனால்தான்.

இதுவரை பார்த்ததன் சாரம்: ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன, ஆப்-ஆம்ப் அவற்றின் இழப்பை ஈடுசெய்து, இல்லாத சுருளின் வேலையைப் பார்க்கிறது.

மோர்ஸுக்கு ஒரு பட்டை வடிகட்டி

மோர்ஸ் கேட்க, ஒரு சுருதியின் இரு பக்கமும் சரியும் பட்டை வடிகட்டி வேண்டும். ஒரே ஓர் ஆப்-ஆம்ப், இரண்டு கெபாசிட்டர்கள், மூன்று ரெசிஸ்டர்கள் கொண்ட பன்முகப் பின்னூட்டச் சுற்று இதற்குப் பழகிய வழி. கெபாசிட்டர்கள் இரண்டும் 0.01 மைக்ரோ ஃபாரட், உள்ளீட்டு ரெசிஸ்டர் 100 கிலோ ஓம், பின்னூட்ட ரெசிஸ்டர் 220 கிலோ ஓம், தரைக்குப் போகும் ரெசிஸ்டர் 2.4 கிலோ ஓம் என்றால் மையம் 700 ஹெர்ட்ஸ், பட்டை அகலம் ஏறத்தாழ 145 ஹெர்ட்ஸ், பெருக்கம் ஒன்றுக்குச் சற்று மேல். 1100 ஹெர்ட்ஸில் இருந்த நம் இடையூறு இப்போது ஐந்தில் ஒரு பங்காகிறது. இதேபோன்ற இரண்டாவது கட்டத்தையும் சேர்த்தால் இருபதில் ஒரு பங்காகும். அகலமும் 93 ஹெர்ட்ஸாகச் சுருங்கும். முக்கால் பங்கிலேயே நின்றுவிட்ட அந்தத் தொட்டிச் சுற்றுடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

இந்தச் சுற்றில் எனக்கு மிகவும் பிடித்த குணம் ஒன்று உண்டு. தரைக்குப் போகும் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் மையம் நகரும், அகலம் மாறாது. ஒற்றைக் கட்டத்தில் 2.4 கிலோ ஓமுக்குப் பதிலாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் திருகினால் மதிப்பு மாறும் 5 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் தொடராக வைத்தால், 450 முதல் 1080 ஹெர்ட்ஸ் வரை உங்கள் காதுக்கு இதமான சுருதிக்கு வடிகட்டியைத் திருகிக்கொள்ளலாம்.

கெபாசிட்டர்களைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நான் முதலில் கட்டிய இரண்டு கட்ட வடிகட்டியில் பெட்டியில் கிடந்த மலிவான பீங்கான் வட்டுக் கெபாசிட்டர்களைப் போட்டேன். ஒரு கட்டத்தின் மையம் மேலேயும் மற்றதன் மையம் கீழேயும் விலகி, ஒன்று அனுமதித்ததை இன்னொன்று தடுத்துக்கொண்டிருந்தது. அச்சிட்ட மதிப்பிலிருந்து 10 விழுக்காடு விலகினால் 700 ஹெர்ட்ஸ் மையம் ஏறத்தாழ 70 ஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். 93 ஹெர்ட்ஸ் அகலத்தில் அது பேரிழப்பு. பாலியெஸ்டர் கெபாசிட்டர்களை வாங்கி, மீட்டரில் அளந்து, ஒத்தவற்றை இணை சேர்த்தபோது அதே சுற்று சரியாக வேலை செய்தது.

குறுக்கக் குறுக்க மணி ஒலிக்கும்

அகலத்தை 50 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கூர்மையான ஊஞ்சல் தள்ளுவதை நிறுத்தியதும் நின்றுவிடாது. கோயில் மணியை ஒரே அடி அடித்தாலும் ரீங்காரம் நீள்வதைப்போல, குறுகிய வடிகட்டியும் சிக்னல் நின்ற பிறகு தன் சுருதியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒற்றைக் கட்டத்தில் 145 ஹெர்ட்ஸ் அகலம் இருந்தால் அந்த ஒலி பத்தில் ஒரு பங்காகத் தேய 5 மில்லி நொடி போதும். 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் 15 மில்லி நொடி பிடிக்கும். கட்டங்களை அடுக்கினால் இன்னும் நீளும். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 60 மில்லி நொடி, 40 சொல் வேகத்தில் 30 மில்லி நொடி. வேகமாக அனுப்புகிறவரின் புள்ளிகளுக்கு இடையிலுள்ள மௌனத்தை ரீங்காரம் நிரப்பத் தொடங்கிவிடும்.

மின்னல் அடிக்கும் மாலைகளில் இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னலின் வெடிப்பொலி ஒவ்வொன்றும் வடிகட்டியை மணியடித்தாற்போல் அடிக்கும். அது 700 ஹெர்ட்ஸில் 'டிங்' என்று ஒலித்து, புள்ளியோ என்று மயங்க வைக்கும். அத்தகைய நேரங்களில் அகலமான வடிகட்டியே நல்லது.

வடிகட்டியின் கைக்கு எட்டாதவை

ஒலி வடிகட்டி ரிசீவரின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அதற்கு முன்னால் நடந்துவிட்டதை அது திருத்த முடியாது. பல ரிசீவர்களில் ஏ.ஜி.சி. என்ற தானியங்கிப் பெருக்கக் கட்டுப்பாடு இருக்கும். வலுவான சிக்னல் வந்தால் அது பெருக்கத்தைத் தானே குறைத்துவிடும். அது வடிகட்டிக்கு முன்னாலேயே சிக்னலை அளக்கிறது என்றால், பக்கத்து நிலையத்தின் ஒலி நம் காதுக்கு வராவிட்டாலும், அந்த நிலையத்தார் மோர்ஸ் சாவியை அழுத்தும்போதெல்லாம் நாம் கேட்கும் சிக்னல் அமுங்கி எழும். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். ஏ.ஜி.சி.யை அணைத்துவிட்டு, முன்பகுதியின் பெருக்கத்தைக் கையால் குறைத்துக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

எளிய நேர்மாற்று ரிசீவரில் வேறொரு வரம்பு இருக்கிறது. ஆஸிலேட்டருக்கு 700 ஹெர்ட்ஸ் மேலே உள்ள நிலையமும் 700 ஹெர்ட்ஸ் கீழே உள்ள நிலையமும் ஒரே சுருதியில்தான் கேட்கும். ஒரே சுருதியாகிவிட்ட இரண்டை எந்த ஒலி வடிகட்டியாலும் பிரிக்க முடியாது.

இரைச்சல் விஷயத்திலும் எதிர்பார்ப்புக்கு ஓர் எல்லை வேண்டும். சீராகப் பரவிய இரைச்சலின் திறன் பட்டை அகலத்துக்கு ஏற்பக் குறையும். 2400 ஹெர்ட்ஸிலிருந்து 300 ஹெர்ட்ஸுக்கு வந்தால் எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் மனிதக் காதே ஒரு வடிகட்டிதான். 700 ஹெர்ட்ஸ் அருகில் அது ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் விழும் இரைச்சலையே சுருதியுடன் சேர்த்து எடைபோடுகிறது. அதனால் நலிந்த சிக்னலைக் கண்டுகொள்வதில் கிடைக்கும் உதவி கணக்கு காட்டும் அளவுக்கு இருக்காது. இரண்டு மணி நேரம் ஹெட்ஃபோனுடன் உட்கார்ந்திருப்பவருக்குக் குறையும் களைப்பே பெரிய இலாபம். என் அனுபவத்தில் அதற்காகவே இந்தச் சுற்றைக் கட்டலாம்.

கட்டும்போது வடிகட்டியை ஒலிக் கட்டுப்பாட்டுக் குமிழுக்கு முன்னால், முதல் ஒலிப் பெருக்கிக்கு அடுத்து வையுங்கள். அதைச் சுற்றிக்கொண்டு சிக்னல் நேராகச் செல்ல ஒரு சுவிட்சும் போடுங்கள். 93 ஹெர்ட்ஸ் அகலத்தில் பட்டையைத் துழாவினால், நிலையங்கள் காதில் படுவதற்குள் அதிர்வெண்ணை மாற்றும் குமிழ் அவற்றைத் தாண்டிப் போய்விடும். அகலமாக வைத்துத் தேடி, ஆளைக் கண்டுபிடித்து, அவர் சுருதியை 700 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்த பிறகு சுவிட்சைத் தட்டினால், மற்ற நிலையங்கள் பின்னுக்குப் போய் அவர் மட்டும் முன்னால் நிற்பார்.